3ஏ-வுக்கும் 3டி-க்கும் நடுவே: எட்டுவழிச் சாலை வழக்கில் ஒரு பட்டாவின் கதை

பயிர் நிற்கிறது. கிணற்று மோட்டார் ஓடுகிறது. இழப்பீடு என்று ஒரு பைசா கைக்கு வரவில்லை. காலி செய்யச் சொல்லி யாரும் வரவும் இல்லை. ஆனால் வருவாய்த்துறைக் கணக்கில் அந்த நிலம் ஏற்கெனவே கைமாறியிருக்கிறது.

சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வழக்கைப் படிக்கும்போது என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த இடம்தான். மலை போகிறது, காடு போகிறது என்பதையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள், எழுத வேண்டியதுதான். கணக்கில் நடந்த இந்த மாற்றத்தைப் பற்றி மட்டும் அதிகம் பேச்சு எழவில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இந்த வழக்கின் பெரிய கேள்விகளில் எதிரெதிர்த் திசையில் போயின. பட்டா விஷயத்தில் மட்டும் இரண்டும் விவசாயியின் பக்கமே நின்றன. அரசின் கையை எது கட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கொங்கு மண்ணில் அண்மைக் காலத்தில் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நடந்தது

2018-இல் வந்த திட்டம் இது. மத்திய அரசின் பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டப் பட்டியலில் சேர்ந்தது. நீளம் 277.3 கிலோமீட்டர், மதிப்பீடு சுமார் 10,000 கோடி ரூபாய். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் என்று ஐந்து மாவட்டங்கள். முதலில் பேச்சிலிருந்தது சென்னை–மதுரைப் பாதை. அது விலகி, அந்த இடத்தில் சென்னை–சேலம் வந்து உட்கார்ந்தது. அப்போதைய முதல்வரும் சேலம் மாவட்டத்துக்காரர். ஊருக்கே பெருமை என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

பூலாவரி, நாழிக்கல்பட்டி, குப்பனூர் என்று ஊர் ஊராக அளவைக்காரர்கள் வந்தார்கள். கூடவே போலீஸ் வந்தது. தென்னை, பாக்கு, குச்சிக்கிழங்கு நின்ற தோட்டங்களில் கல் நட்டார்கள். மண்ணில் புரண்டு அழுத பெண்களைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துப் பண்ணையம் செய்கிறவர்களுக்கு நடுத்தோட்டத்தில் ஒரு கல் விழுந்தால் மிச்சமிருப்பதும் தோட்டமாக இருக்காது. கிணறு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம் என்று போய்விடும்.

போலீஸின் கைகளும் நீண்டன. 2018 ஜூனில், சாலைக்கு எதிராகப் பேசியதற்காக ஒரு திரைப்பட நடிகரும் சேலத்துச் சூழல் செயற்பாட்டாளர் ஒருவரும் கைதானார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் விவசாயிகளைச் சந்திக்கத் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்த அரசியல் செயற்பாட்டாளர் யோகேந்திர யாதவைப் போகவிடாமல் போலீஸ் பிடித்து வைத்தது. நம் ஊரில் இதற்கென்றே ஒரு பழக்கம் உண்டு. காலையில் பிடித்து வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். குற்றம் நடக்காமல் தடுக்கக் கைது செய்யலாம் என்ற பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு இதற்குத் துணை. 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட்டால் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டியதில்லை. எந்த நீதிபதியும் பார்க்காத கைது அது. அன்றைக்கு நடக்க இருந்த கூட்டம் நடக்காமல் போனதுதான் மிச்சம்.

படிகள்

இனி சட்டம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எல்லாமே இதில்தான் இருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இல் வந்தது. நிலம் எடுப்பதற்கான தனிப் பிரிவுகள் 1997 திருத்தத்தில்தான் அதில் நுழைந்தன. 3ஏ என்பது முதல் படி: இந்த நிலத்தை எடுக்கும் எண்ணம் எங்களுக்கு இருக்கிறது என்று மத்திய அரசு அரசிதழில் அறிவிப்பது. அறிவித்தால் 3பி-யின்கீழ் உள்ளே வந்து அளக்கலாம், குறி வைக்கலாம், கல் நடலாம். 3சி-யின்படி, அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் நிலத்தில் உரிமையோ பாத்தியமோ உள்ளவர் ஆட்சேபனை எழுதிக் கொடுக்கலாம். அவரை நேரில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், வக்கீலோடும் வரலாம். கேட்டு முடித்த பிறகு 3டி: நிலம் எடுக்கப்பட்டது என்ற அறிவிப்பு. அந்த நிமிடத்தில்தான் நிலம் எல்லா வில்லங்கமும் நீங்கி மத்திய அரசைச் சேர்கிறது. இழப்பீட்டை முன்கூட்டியே கட்டிவிட்டு, 60 நாள் நோட்டீஸ் கொடுத்துத்தான் சுவாதீனம் எடுக்க வேண்டும். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் எல்லாம் காலாவதி. நீதிமன்றத் தடை இருந்த நாள்களை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டைகள் உண்டு. 21 நாள் என்பது உங்கள் கைக்கு நோட்டீஸ் வந்த நாளிலிருந்து இல்லை. டெல்லியில் அரசிதழ் வெளியான நாளிலிருந்து. சாரத்தை இரண்டு நாளிதழ்களில், ஒன்று உள்ளூர் மொழியில், போட வேண்டும் என்கிறது சட்டம். கொங்கில் எத்தனை பேர் நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் சர்வே எண் பட்டியலைப் படிக்கிறார்கள்? ஆட்சேபனையைக் கேட்கும் அதிகாரியும் நிலத்தை எடுக்கும் வேலைக்கே நியமிக்கப்பட்டவர். அவர் தள்ளினால் தள்ளியதுதான், மேல்முறையீடு இல்லை. இழப்பீட்டையும் மறுகுடியமர்வையும் ஒழுங்காகக் கவனிக்கும் 2013 நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதன் 105-ஆவது பிரிவு 13 சட்டங்களை விலக்கி வைத்தது. நெடுஞ்சாலைச் சட்டம் அவற்றில் ஒன்று. பின்னால் இழப்பீட்டுக் கணக்கையும் மறுகுடியமர்வையும் மட்டும் இந்தச் சட்டங்களுக்கும் நீட்டினார்கள். ஊர்க்காரர்களைக் கூட்டிக் கேட்பது நீளவில்லை.

இருந்தும் அந்தப் படிகள் மெலிந்தவையானாலும் படிகளே. 3ஏ-வுக்கும் 3டி-க்கும் நடுவே உள்ள நாள்களில் நிலம் உங்களுடையது. அங்கே அரசுக்கு இருப்பது எண்ணம் மட்டும்.

அந்த இடைவெளியில்தான் வருவாய்த்துறை கை வைத்தது. 3டி வருமுன்னே, 3ஏ-வை வைத்தே, கணக்கில் பெயரை மாற்றினார்கள்.

பட்டா என்றால் என்ன

இதில் அரசுத் தரப்புக்கு ஒரு பதில் உண்டு, அது சும்மா தள்ளிவிடக்கூடியதும் இல்லை. பட்டா வருவாய்க் கணக்குக்கான பதிவு; அது உடைமையைத் தருவதுமில்லை, பறிப்பதுமில்லை. நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாக இதையே சொல்லி வருகின்றன. கிரையப் பத்திரம்தான் மூலம். பட்டாவில் பெயர் மாறினால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம்.

சட்டப் புத்தகத்தில் சரி. பட்டா இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டுப் பாருங்கள். சிட்டாவிலும் அடங்கலிலும் பெயர் இல்லாதவருக்கு வெள்ளச் சேதத்துக்கு நிவாரணம் வருமா? மகளின் கல்யாணத்துக்கு அரை ஏக்கரை விற்கப் போனால் வாங்குகிறவர் முதலில் கேட்பது எதை? விற்க வேண்டாம், அடமானம் வைப்போம் என்றாலும் வங்கி மேலாளர் கேட்பது அதையே. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் நீங்கள் யார் என்பதே அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. 21 நாளுக்குள் ஆட்சேபனை எழுதப் போகும்போது, நிலம் என்னுடையது என்று காட்ட எதை எடுத்துக்கொண்டு போவீர்கள்? கணக்கில் பெயர் மாறிவிட்ட மனிதர் பாதி தோற்ற மனிதராகத்தான் அந்த அறைக்குள் நுழைவார். இழப்பீட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்ற நினைப்பு அங்கேயே அவருக்குள் முளைக்கும்.

தமிழ்நாட்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டமே, பதிவை மாற்றுமுன் சம்பந்தப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்கிறது. அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் பெயர் மாற்ற எத்தனை நடை நடக்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அரசுக்கு என்றால் ஒரு நடையும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசுக்கும் உழவனுக்கும் நடுவே ஜமீன் இல்லாமல் நேரடியாகப் பட்டா கொடுக்கும் ரயத்துவாரி முறை வளர்ந்ததே சேலம்–பாராமகால் பகுதியில்தான். 1792-இல் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு வந்தபின் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்தார்கள். வரி வாங்குவதற்காகச் செய்ததுதான், கருணை இல்லை. ஆனாலும் அந்தத் தாளில் இரண்டு தரப்பு இருந்தது. இன்ன நிலம், இன்னாருடையது, இவ்வளவு தீர்வை என்று அரசு எழுதிக் கொடுத்தது. எழுதிக் கொடுத்த தரப்பே மறுதரப்பைக் கேட்காமல் அழித்து எழுதிய இடமும் அதே சேலமாக ஆனது.

இரண்டு தீர்ப்புகள்

விவசாயிகள், பூவுலகின் நண்பர்கள் என்ற சூழல் அமைப்பு, அன்புமணி ராமதாஸ் என்று பலர் போட்ட வழக்குகளை உயர் நீதிமன்றம் ஒன்றாகக் கேட்டது. 2019 ஏப்ரல் 8-இல் நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், வி. பவானி சுப்பராயன் தீர்ப்புச் சொன்னார்கள். சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் நிலமெடுப்பு அறிவிக்கையே செல்லாது என்று 3ஏ அறிவிக்கைகளை ரத்து செய்தார்கள். வருவாய்க் கணக்கில் மாற்றிய பெயர்களை எட்டு வாரத்துக்குள் பழையபடி நிலத்துக்காரர்களின் பெயருக்குத் திருப்ப வேண்டும் என்றார்கள். பத்து நாளில் நாடாளுமன்றத் தேர்தல். ஊர்களில் பட்டாசு வெடித்தது.

மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போனது. 2020 டிசம்பர் 8-இல் நீதிபதிகள் ஏ.எம். கான்வில்கர், பி.ஆர். கவாய், கிருஷ்ண முராரி அமர்வு, உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பெரும்பகுதியைத் தள்ளியது. பாதையை மாற்றியது அரசின் கொள்கை முடிவு, அதற்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது என்றது. 3ஏ கட்டத்தில் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்குமுன் வாங்கினால் போதும் என்றது. அறிவிக்கைகள் உயிர்பெற்றன. அன்றைக்குச் சேலம் பக்கம் பேசியவர்களின் குரல் எப்படி இருந்தது என்று எழுத வேண்டியதில்லை.

ஆனால் பட்டா விஷயத்தில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தோடு ஒத்துப்போனது. காரணம் வெகு எளிமையானது. 3ஏ எண்ணத்தை மட்டுமே சொல்கிறது, உடைமையோ சுவாதீனமோ அதனால் நகர்வதில்லை, நகர்வது 3டி-யில்தான். ஆகவே 3ஏ-வைக் காட்டிக் கணக்கை மாற்றியது தவறு, பழையபடி எழுதுங்கள்.

சூழலைப் பற்றிய உயர் நீதிமன்றத்தின் பார்வையே சரியென்று நான் இன்றும் நினைக்கிறேன். மரத்தையும் கிணற்றையும் கணக்கெடுத்துக் கல் நட்டு, இழப்பீடு நிர்ணயித்து, ஊரையே கலைத்துவிட்டுப் பிறகு சூழல் அனுமதி கேட்டால், அனுமதி கொடுக்க வேண்டிய கட்டாயம்தான் மிஞ்சும். ஆனால் வழக்கில் கையில் நின்றது அந்தப் பெரிய வாதம் இல்லை. நின்றது படிவரிசை. அரசு எதைச் செய்யக் கூடாது என்ற கேள்வியில் நீதிபதிகளுக்குள் கருத்து பிரியும். இந்தப் படிக்கு முன்னால் அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது என்பதில் பிரியவில்லை.

சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1978-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தம், 1979 ஜூன் 20 முதல் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஜமீன் ஒழிப்பையும் நில உச்சவரம்பையும் பெரிய நிலக்காரர்கள் அந்த உரிமையைக் காட்டியே நீதிமன்றங்களில் முடக்கப் பார்த்தார்கள். எடுத்ததற்கு நியாயமான காரணம் அது. மிஞ்சியது 300ஏ உறுப்பு: சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. ஒற்றை வரி. வெறும் சட்டம் ஒன்று இருந்தால் போதுமா, அது எப்படிப்பட்ட சட்டமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன்பின் வந்த வழக்குகளின் கேள்வி. 2020 ஜனவரியில் இமாசலப் பிரதேசத்துப் படிப்பறிவில்லாத மூதாட்டி ஒருவரின் வழக்கு வந்தது. 1967-68-இல் சாலைக்காக அவருடைய நிலத்தை எந்த நிலமெடுப்பு நடவடிக்கையும் இல்லாமல் எடுத்திருந்தார்கள். இத்தனை ஆண்டு கழித்து வந்தாய் என்று அவரைத் திருப்பி அனுப்ப உச்ச நீதிமன்றம் மறுத்து, இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 மே 16-இல், கொல்கத்தா மாநகராட்சி வழக்கில், 300ஏ-வுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாக அதே நீதிமன்றம் விரித்துச் சொன்னது. நோட்டீஸ் பெறுவது, சொல்வதைக் கேட்க வைப்பது, காரணத்தோடு முடிவு பெறுவது ஆகியவை அதில் முதல் மூன்று. பொதுக் காரியத்துக்கு மட்டுமே எடுப்பது, நியாயமான இழப்பீடு, இழுத்தடிக்காமல் நடத்துவது, முறைப்படி முடித்து வைப்பது ஆகியவை அடுத்து வருகின்றன. சேலத்துப் பட்டா விஷயத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் முதல் மூன்றிலேயே நிற்கவில்லை.

அவர்கள் எந்தச் சட்டத்தோடு வருகிறார்கள்

எங்கள் ஊர் காங்கயம் பக்கம். கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடும் கிளுவை வேலியுமான ஊர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் வேலியைப் பிரித்துக்கொண்டு நாலு பேர் எங்கள் காட்டுக்குள் கருவியோடு நின்றார்கள். பெரியப்பா போய், "ஏனுங்க தம்பி, ஆருங்க நீங்க? கேக்காம உள்ள வந்துட்டீங்களே" என்றார். உயர் மின்கோபுரத்துக்கு அளக்கிறோம், கேட்க வேண்டியதில்லை, சட்டம் இருக்கிறது என்று பதில் வந்தது. பெரியப்பா அதை மிரட்டல் என்றே நினைத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தேடிப் பார்த்தபோது அவர்கள் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். தந்திக் கம்பம் நட வெள்ளைக்காரர்கள் எழுதிய அதிகாரத்தை, 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு வழியாக மின்கோபுரத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தந்திக் கம்பத்தின் காலடியில் மாடு படுத்திருக்கும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை வந்த 800 கிலோவோல்ட் பாதையின் கோபுரத்தை அப்படிச் சொல்ல முடியுமா? நிலம் எடுப்பதில்லை என்பதால் 3சி மாதிரி ஆட்சேபனைக் கட்டமே இல்லை. நிலத்துக்காரர் மறித்தால் மட்டும் மாவட்ட ஆட்சியரிடம் தந்திச் சட்டத்தின் 16-ஆவது பிரிவில் உத்தரவு வாங்க வேண்டும். மறிக்காமல் ஒதுங்கி நின்றவருக்கு அந்தத் தாளும் கிடையாது. 2018 கடைசியில் கொங்கு முழுக்க விவசாயிகள் காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்ததற்கு இழப்பீடு மட்டும் காரணம் இல்லை. யாரும் எதையும் கேட்கவில்லை என்பதும் காரணம்.

எரிவாயுக் குழாய் வந்தபோது இன்னொரு சட்டம், 1962-ஆம் ஆண்டின் குழாய்ப்பாதைச் சட்டம். கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்கள். அதிலும் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். உபயோக உரிமை மட்டும் அவர்களுக்கு. 21 நாள் ஆட்சேபனை அதில் உண்டு. ஆனால் குழாய் போகும் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. நிலமதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013-இல் மாநில அரசு சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் குழாய் நிறுவனத்தின் பக்கமே நின்றது.

ஒரே தோட்டம், ஒரே ஆள். சாலை வந்தால் இவ்வளவு உரிமை, குழாய் வந்தால் அதில் கொஞ்சம், கோபுரம் வந்தால் அதுவும் இல்லை. உள்ளே வருகிறவரின் கையில் இருக்கும் சட்டத்தைப் பொறுத்து வெளியே நிற்கிற மனிதனின் உரிமை சுருங்குகிறது. இதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன். எந்தச் சட்டமானாலும் முன்கூட்டி எழுத்தில் நோட்டீஸ் கைக்கு வர வேண்டும்; நாள் கணக்கு அதிலிருந்து ஓட வேண்டும்; கேட்கிறவர் எடுக்கிறவராக இருக்கக் கூடாது; நிலம் சேரும் வரை கணக்கைத் தொடக் கூடாது.

சாலையே வேண்டாமா என்று கேட்பார்கள். கொங்கில் பிறந்த எவரும் அப்படிச் சொல்ல முடியாது. 1955-இல் முடிந்த கீழ்பவானி வாய்க்கால் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் கொடுக்கிறது. யாரோ ஒருவருடைய காட்டை எடுத்துத்தான் அதையும் வெட்டினார்கள். பொதுக் காரியத்துக்கு அரசு நிலம் எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அதனால்தான் எடுக்கும் முறை இவ்வளவு முக்கியமாகிறது.

இந்த முறையையும் சட்டமன்றம் நினைத்தால் தாண்டிவிட முடியும் என்பதையும் பார்த்தோம். தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களை 2013 சட்டத்திலிருந்து விலக்கிய திருத்தத்தை 2019 ஜூலை 3-இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு, பழைய தேதியிலிருந்து அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள். 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆளுங்கட்சி எதுவானாலும் இதற்கு எதிராகச் சட்டமன்றத்தில் உரத்த குரல் எழ வேண்டும். நிலம் உள்ளவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

எங்கள் காட்டில் பெரியப்பா மறித்தார். ஆட்சியரின் உத்தரவு வந்தது. கோபுரமும் வந்தது. அந்த உத்தரவைத் தாத்தா காலத்துப் பட்டாவோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். மாதம் ஒரு முறை என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கம்ப்யூட்டர்ல நம்ம நெம்பரப் போட்டுப் பாரு சாமி, பேரு இருக்குதான்னு" என்கிறார். போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.